பிரெப் எடுக்கிறவருக்குப் புற்றுநோய் வந்தால்: இம்யூனோதெரபி, ட்ரையல், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்து ஆட்களுக்கு எச்.ஐ.வி. தடுப்பு பற்றி ஆலோசனை சொல்வது என் வேலை. கொஞ்ச காலமாகப் புதிதாக ஒரு கேள்வி வருகிறது. பிரெப் மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவருக்குப் புற்றுநோய் என்று தெரியவருகிறது. டாக்டர் இம்யூனோதெரபி என்கிறார், இல்லையென்றால் “ஒரு ட்ரையல் இருக்கு, சேர்றீங்களா?” என்கிறார் (ட்ரையல் என்றால் நோயாளிகளிடம் சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு). உடனே சிலர் யாரிடமும் சொல்லாமல் பிரெப்பை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் யாரிடமும் சொல்லாமல் தொடர்கிறார்கள். இரண்டுமே ஆபத்து. அவர்கள் கேட்டதையும் நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

பிரெப் என்றால் சரியாக என்ன?

எச்.ஐ.வி. இல்லாதவர், அது வராமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் மருந்து. பெரும்பாலும் டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. 2012-ல் அமெரிக்கா இதைத் தடுப்புக்கென்று அனுமதித்தது. நம் நாட்டுக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. ஒழுங்காக எடுத்தால் உடலுறவு வழியாகத் தொற்றும் ஆபத்து சுமார் 99 சதவீதம் குறையும்.

“ஒழுங்காக” என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2010-ல் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வில், மாத்திரை வாங்கிய எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது பாதுகாப்பு 44 சதவீதம்தான். ரத்தத்தில் மருந்து இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 90-ஐத் தாண்டியது. ஆப்பிரிக்கப் பெண்களிடம் நடந்த வாய்ஸ் ஆய்வில், சோதித்த ரத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் மருந்தே இருந்தது. அங்கே மாத்திரையால் பலனே தெரியவில்லை. பெட்டியில் இருக்கும் மாத்திரை யாரையும் காப்பாற்றாது.

இம்யூனோதெரபி கீமோ மாதிரிதானா?

இல்லை. கீமோ மருந்து புற்று செல்லை நேராகத் தாக்கும். இம்யூனோதெரபி நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அதன் மேல் ஏவிவிடும். எதிர்ப்புச் சக்தியின் படைவீரர்களான நம் டி-செல்கள் எல்லை மீறாமல் இருக்க அவற்றில் இயற்கையாகவே ஒரு பிரேக் உண்டு. புற்றுநோய் அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்துத் தப்பித்துக்கொள்ளும். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற ஊசிகள் அந்தப் பிடியை விடுவிக்கின்றன. இதற்கு அடிப்படை போட்ட ஜேம்ஸ் ஆலிசன், டாசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

பிரேக் தளர்ந்த செல்கள் சில சமயம் நம் உறுப்புகளையே தாக்கும். குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு, தோல், சிறுநீரகம் என்று எங்கே வேண்டுமானாலும் வரலாம். ஊசியை நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம்.

இந்த ஊசியும் பிரெப் மாத்திரையும் ஒன்றோடொன்று மோதுமா?

நேரடியாக மோதாது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் ஆன்டிபாடி என்ற புரத வகை. உடம்பு அவற்றை மற்றப் புரதங்களைப் போல மெல்ல உடைத்துவிடும். டெனோஃபோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறும். இரண்டுக்கும் பாதை வேறு.

சிக்கல் சுற்றிவளைத்து வரும், பெரும்பாலும் சிறுநீரகத்தில். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைக் கொஞ்சம் சோதிக்கும். அதனால்தான் பிரெப் எடுப்பவர்களுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்க்கிறோம். வழக்கமான டெனோஃபோவிர் மாத்திரைக்குச் சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இம்யூனோதெரபியோடு சிஸ்பிளாட்டின் கீமோவும் சேர்ந்தால், அதுவும் சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து. இம்யூனோதெரபியே அபூர்வமாகச் சிறுநீரக அழற்சியைக் கொண்டுவரும். இதற்கு நடுவில் வலி தாங்காமல் தெருமுனை மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொண்டால் நாலாவது அடி. மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பவருக்கு இன்னும் மோசம்.

ஆக, “சேர்ந்து எடுக்கலாமா?” என்று மட்டும் கேட்டால் போதாது. “கிரியாட்டினின் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பீர்கள்? அளவு குறைந்தால் பிரெப்பை என்ன செய்வது?” என்பதையும் முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வம்பு எதுக்கு? சிகிச்சை முடியும்வரை நானே நிறுத்திவிடுகிறேனே?

தயவுசெய்து வேண்டாம். முக்கியமாக, மஞ்சள் காமாலை பி வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று தெரியாமல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

டெனோஃபோவிர் ஹெபடைட்டிஸ் பி வைரஸையும் அடக்கி வைக்கும் மருந்து. ஒருவருக்கு அந்த வைரஸ் இருந்து, பிரெப் என்ற பெயரில் அதைத் தினமும் எடுத்துவந்து, திடீரென்று விட்டால் வைரஸ் திமிறிக்கொண்டு எழும். கல்லீரல் வீங்கும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். புற்றுநோய் சிகிச்சையாலும் பி வைரஸ் கிளம்பக்கூடும் என்பதால், இரண்டும் சேர்ந்தால் நிலைமை இன்னும் கெடும்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இம்யூனோதெரபியாலும் கல்லீரல் அழற்சி வரும். நீங்கள் பிரெப்பை நிறுத்தியது டாக்டருக்குத் தெரியாது. கல்லீரல் எண்கள் எகிறியதைப் பார்த்து அவர் ஊசியின் பக்கவிளைவு என்று நினைக்கிறார். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு தொடங்குகிறார். உயிர் காக்கும் ஊசியை நிறுத்துகிறார். ஸ்டீராய்டு பி வைரஸுக்கு இன்னும் வசதி செய்து கொடுக்கிறது. நோயாளி மறைத்த ஒரே ஒரு தகவலால் இத்தனையும் நடக்கும். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை ஒரு சின்ன ரத்தச் சோதனைதான். செய்துவிட்டுப் பேசுவோம்.

ட்ரையலில் எச்.ஐ.வி. உள்ளவர்களைச் சேர்ப்பதில்லையாமே. பிரெப் எடுப்பதால் என்னையும் ஒதுக்கிவிடுவார்களா?

பிரெப் எடுக்கும் நீங்கள் எச்.ஐ.வி. நெகட்டிவ். அந்த விதி உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் நடைமுறையில் குழப்பம் வரத்தான் செய்கிறது.

கன்டெய்னர் லாரி ஓட்டும் ஒரு தம்பிக்கு இது நடந்தது. சேர்க்கைக்கு முன் “என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் நேர்மையாகப் பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டியிருக்கிறார். மேலே டெனோஃபோவிர் என்ற பெயரைப் பார்த்ததும், “இது எச்.ஐ.வி. மருந்தாச்சே, சேர்க்க முடியாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே பையில், அதே வாரத்து நெகட்டிவ் ரிப்போர்ட் மடித்து வைத்திருந்தது. கேட்கவும் இல்லை, இவருக்குக் காட்டவும் தோன்றவில்லை. பிரெப் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு மறுபடி போனபிறகுதான் கதவு திறந்தது. உண்மை சொன்னவர் உண்மை சொன்னதற்காகவே அலைந்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

அதனால் எல்லாரிடமும் சொல்கிறேன்: “எச்.ஐ.வி. இல்லை, தடுப்புக்காக மட்டும் இந்த மாத்திரை எடுக்கிறார்” என்று ஒரு வரி, தேதி, கையெழுத்து, முத்திரையோடு சீட்டில் எழுதி வாங்குங்கள். கடைசி எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு, கிரியாட்டினின், ஹெபடைட்டிஸ் பி முடிவு மூன்றையும் அதனோடு பின் பண்ணி வையுங்கள்.

இன்னொன்று. எச்.ஐ.வி. உள்ளவர்களையே ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது பழைய பழக்கம். எச்.ஐ.வி.யும் புற்றுநோயும் இருந்த 30 பேருக்கு, எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்தோடு பெம்ப்ரோலிசுமாப் கொடுத்த ஆய்வு 2019-ல் வெளியானது. பெரும்பாலும் மற்றவர்களுக்கு வரும் பக்கவிளைவுகள்தான் அவர்களுக்கும் வந்தன. 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும், நோய் கட்டுக்குள் இருப்பவர்களைக் காரணமில்லாமல் ஒதுக்க வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது.

அக்கா, ஓ.பி.யில் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாங்க. எப்படிச் சொல்வது?

“டாக்டர், ரெண்டு நிமிஷம் தனியாப் பேசணும்” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கூட்ட நேரத்தில் அது முடியாவிட்டால் மருந்தின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டுங்கள், டாக்டருக்குப் புரிந்துவிடும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யவும், ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லவும் தடை போடுகிறது. யாரோடு பழகினீர்கள், ஏன் பிரெப் என்பதையெல்லாம் புற்றுநோய் டாக்டரிடம் விளக்கத் தேவையில்லை. மருந்தின் பெயரும் எவ்வளவு நாளாக எடுக்கிறீர்கள் என்பதும் போதும்.

என் மச்சானுக்கு வாய்ப்புற்று. மாவா போட்டே இப்படி ஆயிட்டாரு. குறைந்த டோஸ் இம்யூனோதெரபி இருக்குன்னாங்க. உண்மையா?

உண்மை. நம் பக்கத்தில் வாய்ப்புற்று எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முழு டோஸ் ஊசிக்கு லட்சக்கணக்கில் ஆகும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, குணப்படுத்தும் கட்டத்தைத் தாண்டிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் மட்டும் கொடுத்துப் பார்த்தது. வழக்கமான டோஸோடு ஒப்பிட்டால் இது மிகச் சின்ன அளவு. கூடவே மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகள். 2023-ல் வந்த முடிவின்படி, மாத்திரைகள் மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் சுமார் 16 சதவீதம், ஊசியும் சேர்ந்தவர்களில் சுமார் 43 சதவீதம். நம் நாட்டுக்காரர்கள், நம் நாட்டு நோயாளிகளுக்காக, நம்மால் கட்டக்கூடிய செலவை மனதில் வைத்துச் செய்த ஆராய்ச்சி இது.

மச்சான் பிரெப்பும் எடுக்கிறார் என்றால் அந்த மாத்திரைகளைக் கவனியுங்கள். செலிகாக்சிப் வலி மாத்திரை வகை, டெனோஃபோவிரோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை. மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், சிறுநீரகம் சுணங்கினால் அது உடம்பில் தங்கி விஷமாகும். ஊசியை விட இந்த மாத்திரைகளை நினைத்துத்தான் நான் கவலைப்படுவேன்.

வாயே திறக்க முடியல, எப்படி மாத்திரை விழுங்குவது?

டெனோஃபோவிர்-எம்ட்ரிசிடபின் மாத்திரையைச் சுமார் 100 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கலாம். கசக்கும். மூக்கு வழி டியூப் போட்டிருந்தால் கரைத்து ஊற்றுவதற்கு முன் வார்டு நர்ஸையோ மருந்தாளுநரையோ கேட்டுக்கொள்ளுங்கள், டியூப் அடைத்துக்கொள்ளக் கூடாது.

கார்-டி சிகிச்சை என்கிறார்கள். அதற்கும் பிரெப்புக்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் நிஜமாகவே முட்டிக்கொள்ளும். சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கு, நோயாளியின் டி-செல்லை வெளியே எடுத்து, அதில் புது மரபணுவைப் புகுத்தி, திரும்ப ஏற்றுவார்கள். ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது.

மரபணுவைச் சுமந்து செல்ல லென்டிவைரஸ் என்ற வாகனத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது எச்.ஐ.வி. குடும்பத்திலிருந்து, பெருகும் சக்தியைப் பிடுங்கிவிட்டுச் செய்தது. அதனால் யாருக்கும் எச்.ஐ.வி. வராது, பயப்பட வேண்டாம். ஆனால் அது செல்லுக்குள் தன் வேலையைச் செய்ய, டெனோஃபோவிர் எந்தப் படியை மறிக்கிறதோ அதே படியைத் தாண்டியாக வேண்டும். செல் எடுக்கும் நேரத்தில் உடம்பில் பிரெப் மருந்து இருந்தால், தயாரிப்பே சொதப்பக்கூடும். இதே வாகனத்தைப் பயன்படுத்தும் தலசீமியா (பரம்பரை ரத்தசோகை) மரபணு சிகிச்சை ஒன்றின் மருந்துக் குறிப்பில், செல் சேகரிப்புக்கான மருந்து தொடங்குவதற்கு ஒரு மாதமாவது முன்பே எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை விட்டிருக்க வேண்டும் என்று எழுதியே இருக்கிறது. ஆகவே, கார்-டி பேச்சு எடுத்த அன்றைக்கே பிரெப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அந்த இடைவெளியில் ஆணுறை கட்டாயம்.

சிகிச்சைக்குப் பிறகு இன்னொரு விஷயம். உடம்பில் அந்த வாகனத்தின் மரபணுத் துண்டு இருப்பதால், வைரஸின் மரபணுவைத் தேடும் சில எச்.ஐ.வி. பரிசோதனைகள் பொய்யாக ‘பாசிட்டிவ்’ காட்டும். பிரெப்புக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பவர் இதை வாங்கிப் பார்த்தால் இடிந்து போய்விடுவார். கார்-டி எடுத்திருப்பதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லுங்கள், எந்தப் பரிசோதனை பொருத்தம் என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

மாத்திரைக்குப் பதில் ஊசி பிரெப் போட்டுக்கொள்ளலாமா?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர் 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் 2025 ஜூனில். லெனகாபவிர் ஆய்வில் ஊசி போட்ட 2,134 ஆப்பிரிக்கப் பெண்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. வரவில்லை. ஏழை, நடுத்தர நாடுகளுக்காக ஆண்டுக்கு சுமார் 40 டாலர் விலையில் 2027 முதல் தருவோம் என்று இந்தியக் கம்பெனிகள் இரண்டு சம்பந்தப்பட்ட அறிவிப்பு வந்திருக்கிறது. மாத்திரையை மறைத்து வைக்க இடமில்லாத வீடுகளுக்கு இது பெரிய வரம்.

புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவில் தொடங்குவதானால் யோசிக்க வேண்டும். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. மருந்து ஓராண்டு, அதற்கு மேலும் உடம்பில் தேங்கும். கல்லீரலில் உடைபடும் சில மருந்துகளின் அளவை லெனகாபவிர் ஏற்றிவிடும், மேலே சொன்ன எர்லோடினிப் அந்த வகைதான்.

டி.பி. வந்தால்?

டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின், கபோடெக்ராவிரோடு சேரவே கூடாது. லெனகாபவிரின் அளவையும் குறைத்துவிடும். வழக்கமான பிரெப் மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிர் டைசோப்ராக்சிலுக்குப் பிரச்சினை இல்லை. இம்யூனோதெரபியின்போது பழைய டி.பி. தலைதூக்கியது உண்டு, ஆகவே முன்பு டி.பி. வந்திருந்தால் மறைக்காதீர்கள்.

வயிற்றுப்போக்கு வருகிறது. பிரெப்பாலா, ஊசியாலா?

பிரெப் தொடங்கிய முதல் சில வாரங்களில் லேசாகக் குமட்டல், வயிறு இளகுவது சகஜம். பல மாதமாகப் பிரெப் எடுப்பவருக்குப் புதிதாக வயிறு போனால் முதலில் இம்யூனோதெரபியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரத்தம், கடுமையான வலி, வழக்கத்தை விட நாலைந்து முறை அதிகமாகப் போவது, இதில் எது வந்தாலும் ராத்திரியே ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மெடிக்கலில் மாத்திரை வாங்கி அடக்கப் பார்க்காதீர்கள். முடிந்தவரை பிரெப்பையும் இம்யூனோதெரபியையும் ஒரே வாரத்தில் புதிதாகத் தொடங்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியும்.

சிகிச்சை நேரத்தில் உறவே இல்லை. அப்பவும் தினம் எடுக்கணுமா?

ஆபத்து இல்லாத காலத்தில் பிரெப் தேவையில்லை, முறையாக நிறுத்தலாம். ஹெபடைட்டிஸ் பி இல்லை என்று உறுதியான பிறகு, ஹார்மோன் எடுக்காத ஆண்கள் கடைசி உறவுக்குப் பின் இரண்டு நாளும், பெண்களும் ஹார்மோன் எடுக்கும் திருநங்கைகளும் ஏழு நாளும் தொடர்ந்துவிட்டு நிறுத்த வேண்டும். திரும்பத் தொடங்கும் முன் எச்.ஐ.வி. பரிசோதனை அவசியம்.

கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பதால் பிரெப் எடுக்கும் பெண்கள் உண்டு. கணவர் கூட்டு மருந்தை விடாமல் எடுத்து, வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி இறங்கி அப்படியே நிலைத்திருந்தால் உறவு வழியாகத் தொற்றாது. அவருடைய வைரல் லோடு ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சிகிச்சைக் காலத்தில் உங்கள் சிறுநீரகத்துக்கு ஓய்வு கொடுக்கலாமா என்று டாக்டரோடு பேசலாம்.

கடலுக்குப் போகிறவன் நான். படகில் மாத்திரை கெட்டுப்போகாதா?

காசிமேட்டு விசைப்படகில் பல நாள் தங்கிப் பிடிக்கிறவர்கள் கேட்பது. மாத்திரையை அது வந்த டப்பாவிலேயே வையுங்கள். உள்ளே கிடக்கும் சின்னப் பொட்டலம் ஈரத்தை உறிஞ்சுவதற்கு, தூக்கி எறியாதீர்கள். டப்பாவை இறுக்கி மூடி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஐஸ் பெட்டிக்கும் இன்ஜினுக்கும் தள்ளி வையுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் ஞாபகம் வந்ததும் ஒன்று, மறுநாள் வழக்கம்போல. இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். இம்யூனோதெரபி ஊசித் தேதி சில வார இடைவெளியில் வரும் என்பதால், படகு ஏறும் முன் தேதியைப் பாருங்கள். ஊசிக்கு நடுவில் மூச்சிரைப்பு வந்தால் கரைக்குத் திரும்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ட்ரையல் என்றால் நம்மை எலியாக்கி விடுவார்கள் என்கிறார்களே?

பயம் நியாயம்தான், கேள்வி கேட்டுவிட்டுச் சேருங்கள். சென்னைக்கு மருத்துவ ஆய்வு புதிதில்லை. 1956-ல் இங்கே தொடங்கிய டி.பி. ஆய்வில், நகரத்தின் ஏழை நோயாளிகளில் பாதிப்பேர் சானடோரியத்திலும் (டி.பி. நோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனை) பாதிப்பேர் வீட்டிலும் மருந்து எடுத்தார்கள். நெருக்கடியான வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். உலகம் முழுவதும் டி.பி.க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்று மாறியதற்கு அந்த ஆய்வு பெரிய காரணம்.

இன்றைக்கு, புது மருந்துகள், மருத்துவ ஆய்வுகளுக்கான 2019 விதிகளின்படி, ட்ரையலால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. எல்லா ட்ரையலுக்கும் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண் இருக்கும், கேட்டு வாங்குங்கள். சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், ஒரு நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு மறுநாள் கையெழுத்துப் போடலாம். “இப்பவே போடுங்க” என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

படிக்கத் தெரியாதவர் என்ன செய்வது?

ட்ரையலோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் முழுவதும் வாசித்துச் சொல்லி, கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டும். பிரெப் விஷயம் தெரியக் கூடாத சொந்தக்காரரைச் சாட்சியாகக் கூட்டிப்போகாதீர்கள்.

எங்கே போய்க் கேட்பது?

அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். கட்டணமில்லா எண் 1097. விம்கோ நகர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கத்திலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் இறங்கினால் எதிரிலேயே ஜி.ஹெச். போகும்போது மாத்திரை டப்பா, பிரெப் சீட்டு, புற்றுநோய் ஃபைல் மூன்றையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு போங்கள். குடிக்கிற கஷாயம், சித்த மருந்து இருந்தால் அதன் பெயரையும் எழுதி வையுங்கள்.